லேகியப் பேணியில் ஒட்டிய லேபிள்

அந்த லேபிளில் பதினொரு பொருள்கள் வரிசையாக இருந்தன. சுக்கு, மிளகு, திப்பிலி, சாதிக்காய், ஏலம், கராம்பு. ஏழாவதாகச் சுத்திசெய்த கஞ்சா இலை. பிறகு பனங்கட்டி, பால், நெய், தேன். தமிழ்ப் பெயருக்கு நேரே ஆங்கிலப் பெயர். தாவரமாயின் அதற்கும் நேரே தாவரவியல் பெயர், சாய்வெழுத்தில். பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கணினியில் எழுத்துகளைக் கோத்து, லேசர் அச்சில் எடுத்து, ஓரங்களை அடிமட்டம் வைத்து வெட்டி, பழைய பால்மாத் தகரப் பேணியொன்றின் மேல் பசை தடவி ஒட்டினோம். ஒரு மருந்துக் கம்பனி செய்திருந்தாலும் அவ்வளவு திருத்தமாக வந்திராது. எழுத்துகளைக் கோத்தவள் நான். சரிபார்த்தவர் புரூப் அண்ணை.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்த நாளிதழிலும், பிறகு ரொறன்ரோவில் சந்தித்துக்கொண்ட வார இதழிலும் எல்லோரும் அவரைப் புரூப் அண்ணை என்றே அழைத்தார்கள். அங்கே பதினெட்டு வருடங்கள் ஒப்புநோக்குநராக இருந்தவர். நான் நிருபராக இருந்த நான்கு வருடங்களில் என் செய்திகளில் அவர் கைபடாத வரியே இல்லை. இங்கே கிழமை நாள்களில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்தினார். மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் தனியே குடியிருந்தார். புதன் மாலையும் சனிக்கிழமையும் ஸ்காபரோவில் பலசரக்குக் கடையொன்றின் மேல் இருந்த எங்கள் இரண்டு அறை அலுவலகத்துக்கு வருவார். கீழே மிளகாய்த்தூள் அரைக்கும் நாள்களில் எல்லோரும் தும்முவோம். அவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தொடர்ந்து வாசிப்பார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் துல்லியமாக நினைவிருக்கிறது. வரியின் கீழ் ஒரு மர அடிமட்டம். சாதாரணச் செய்தியை மேலிருந்து கீழே வாசிப்பார். மரண அறிவித்தலை மட்டும் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி, சொல் சொல்லாக வாசிப்பார். முன்னாலிருந்து வாசித்தால் துக்கத்தில் கண் வழுக்கிப் போகும், பெயரில் பிழை தங்கிவிடும் என்பார். எங்கள் ஆசிரியர் அவரைச் சீண்டாத நாள் இல்லை. “அண்ணை தன்ரை அறிவித்தலையும் தானே திருத்திப்போட்டுத்தான் கண்ணை மூடுவார்” என்பார். “ஓம், உங்கடை கையிலை விட்டிட்டுப் போனால் என்ரை ஊரை மாத்திப் போடுவியள்” என்று தலை நிமிராமலே பதில் வரும்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவர். எண்பத்து நான்கில் நாட்டைவிட்டுப் புறப்பட்ட அண்ணை யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் அவரிடம் விடைபெற்ற பிறகு இருவரும் நேரே பார்த்துக்கொண்டதில்லை. பன்னிரண்டு வருடங்கள் கழித்து அக்கா வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் ரொச்செஸ்டர், மகளின் வீடு. நாங்கள் நாளும் பார்க்கும் ஒன்ராறியோ ஏரிக்கு மறுகரை. அங்கே அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லை தாண்டி இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே அண்ணைதான் போகவேண்டும். அவருக்கு அந்த வசந்தத்தில்தான் கனடியக் குடியுரிமை கிடைத்திருந்தது. கடவுச்சீட்டு கையில் வந்த கிழமையே அக்காவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்ற செய்தியும் வந்தது.

சிகிச்சை தொடங்கியதும் அக்காவால் சாப்பிட முடியவில்லை, உறங்கவும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய குடும்பத்துக்கு மருந்து செய்த பரியாரியார் அப்போது இடம்பெயர்ந்து கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். தாயாரின் கடைசிக் காலத்தில் பசியையும் உறக்கத்தையும் கொடுத்தது அவருடைய லேகியம்தான். பதிவுபெற்ற சித்த வைத்தியர் கஞ்சா இலையை மருந்தில் சேர்ப்பது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட காரியம். யாரும் அதைக் குரல் தாழ்த்திச் சொல்வதில்லை. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவர் ஒருவரின் கையில் முதல் பேணி வந்தது. ரொச்செஸ்டரிலிருந்து அக்காவின் மகளான மருமகளின் கணவர் வந்து எடுத்துப்போனார். எல்லையில் மூடியைத் திறந்து பார்த்தார்கள். கறுப்பாக, ஒட்டும் பதத்தில் ஏதோ இருந்தது. பெயரில்லாத உணவுப் பண்டம் என்று சொல்லிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது பேணி வந்தபோது அதைத் தானே கொண்டுபோவதென்று அண்ணை முடிவு செய்தார். போன தடவை என்ன பிழை நடந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லேபிள் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, இதழ் அச்சுக்குப் போன பிறகு, பரியாரியாரின் கடிதத்தை என் மேசையில் விரித்தார். அதில் சரக்குகளின் பட்டியல் இருந்தது.

“பிள்ளை, உதுக்கெல்லாம் இங்கிலீசு வேணும். நீர்தானே மொழிபெயர்ப்பு.”

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழாவது வரியில் நின்றேன்.

“அண்ணை, இதையும் போடவேணுமோ?”

“ஏன், பரியாரியார் போட்டவரெல்லே?”

“போட்டவர்தான். அமெரிக்காக்காரன் வாசிக்கப்போறான்.”

“வாசிக்கத்தானே எழுதுறம். பதினொண்டிலை பத்தைப் போட்டால் உது பட்டியலோ பிள்ளை? முந்தி ஒண்டும் எழுதாமல் விட்டுத்தானே எறிஞ்சவங்கள்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு செய்தியில் தெரிந்த விவரத்தை விட்டுவிடக்கூடாது என்ற அதே பயிற்சியில் வளர்ந்தவள் நான். அகராதியை எடுத்து, கன்னாபிஸ் சற்றைவா என்று எழுத்துக்கூட்டிச் சொன்னதும் நான்தான். “இரண்டு ‘என்’ வருமோ?” என்று கேட்டார். இரண்டு என்றேன். குறித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை அவர் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று நான்கு புதன்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் இங்கே கோத்துத் தருகிறேன். ரொறன்ரோவிலிருந்து காலைப் பஸ்ஸில் போனார். எல்லையான பஃபலோ பாலத்தில் எல்லோரையும் பைகளுடன் இறக்கினார்கள். அவருடைய பையில் இரண்டு சேலைகள், ஒரு பை பருத்தித்துறை வடை, பேணி. ஓர் இளம் பெண் அதிகாரி பேணியை எடுத்தார். லேபிளை வாசித்தார். மறுபடி வாசித்தார். இதில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் அண்ணை. இது யார் எழுதியது? நாங்கள்தான், எல்லாம் சரிபார்த்தது. ஏழாவது வரியில் இருப்பது என்னவென்று உமக்குத் தெரியுமா? தெரியும், நன்றாகத் தெரியும், என் தாயாருக்கும் கொடுத்திருக்கிறோம்.

பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. ஒரு சிறிய அறையில் அவரை இருத்தி, அவர் சொன்னதை ஒரு வாக்குமூலமாகத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். அதில் அவருடைய அப்பாவின் பெயர் பிழை. பரியாரியார் என்ற இடத்தில் மந்திரவாதி என்று பொருள்படும் சொல் இருந்தது. லேகியம் என்ற இடத்தில் சாறு என்று இருந்தது. அண்ணை பேனை கேட்டு வாங்கினார். ஒப்புநோக்குக் குறிகளுடன் பக்கம் முழுவதையும் திருத்தினார். மருந்தில் என்ன இலை, என்ன அளவில், தெரிந்தே கொண்டுவந்தது என்ற விவரங்கள் தெளிவில்லாமல் இருந்தன. அவற்றையும் தெளிவாக்கினார். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் சுருக்கொப்பம். கீழே முழுக் கையொப்பம். அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று சொன்னார். ஒருவர் கோப்பி கூட வாங்கிக் கொடுத்தாராம்.

மாலையில் அவரைக் கனடாப் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். பேணி அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் அந்தப் பையுடன் நேரே அலுவலகத்துக்கு வந்து, வடைப் பையை மேசையில் வைத்து, “எடுங்கோ, பழுதாப்போகும்” என்றார். நாங்கள் யாரும் தொடவில்லை.

ஆசிரியர் பஃபலோவில் ஒரு சட்டத்தரணியைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். அந்த மனிதர் வாக்குமூலத்தின் பிரதியைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மருந்து, உள்ளே என்னவென்று தெரியாது என்று சொல்லியிருந்தால் பேணியைத் தூக்கி எறிந்துவிட்டு அவரைப் போகவிட்டிருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் குழப்பமான வாக்குமூலமென்று வாதாடியிருக்கலாம். இப்போது போதைப்பொருள் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவர் என்ற வகையில் அவருக்கு ஆயுள் முழுக்க அமெரிக்காவுக்குள் நுழைவு இல்லை. விசேட விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மாதக்கணக்கில் ஆகும்.

அண்ணை தன் பிரதியை எடுத்து அப்பாவின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, “அப்பற்றை பேரைப் பிழையா விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது?” என்றார். அது கேள்வி மாதிரி இருக்கவில்லை.

எனக்கு ஒரு தீர்வு வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒரு காரணமாவது வேண்டியிருந்தது. பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கோப்பு அடுக்கும் வேலை. மாலையில் நூலகத்துக்குப் போய், அந்தச் செடிக்கும் அமெரிக்காவுக்கும் என்னதான் பகை என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அது பகையில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. குடியேற்றக் காலத்தில் ஒவ்வொரு விவசாயியும் இதைப் பயிரிட வேண்டுமென்று கட்டளையிட்ட இடங்கள் இருந்தன. அதன் நாரில்தான் கப்பலின் கயிறும் பாயும் செய்தார்கள். அந்த நாட்டை நிறுவிய பெரிய மனிதர்கள் சிலரே தங்கள் நிலத்தில் அதை வளர்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு காலம் முழுக்க அதே குடும்பத்துச் செடி மருந்துக் கடைகளில் புட்டியில் இருந்தது. இருமலுக்கு, வலிக்கு, உறக்கமின்மைக்கு. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. மெக்சிக்கோவிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்களின் வாயிலிருந்த பெயரை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே ஊரைப் பயமுறுத்தினார்கள். முப்பதுகளில் வரிச் சட்டத்தால் நெரித்தார்கள். சில வருடங்களில் யுத்தம் வந்து, பிலிப்பீன்சிலிருந்து வரும் கயிற்று நார் நின்றுபோனதும், அதே அரசாங்கம் விவசாயிகளைக் கூப்பிட்டு விதை கொடுத்து விதைக்கச் சொன்னது. படம் எடுத்துக் காட்டியும் கேட்டது. யுத்தம் முடிந்ததும் மறந்துவிட்டது. கடைசியில் ஹெரோயினுடன் ஒரே வரிசையில் வைத்துப் பூட்டியது. ஒரு செடியைப் பற்றி ஒரு நாடு இத்தனை தடவை மனம் மாறியதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

அந்தத் தேடலில் ஒரு விவரம் என்னை நாற்காலியில் நிமிர்த்தியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் அமெரிக்கா கொண்டுவந்த உணவு, மருந்துச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி, மருந்தில் கஞ்சா சேர்ந்திருந்தால் அதை லேபிளில் கட்டாயம் எழுதவேண்டும். எழுதாமல் விற்பதுதான் குற்றம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு புதன்கிழமை அவருக்கு முன்னால் வைத்தேன். அடிமட்டத்தை வைத்து வரி வரியாக வாசித்தார். வருடத்தை இரண்டு தரம் பார்த்தார்.

“அப்ப நான் செய்தது சரி” என்றார்.

“சரி, அண்ணை.”

“தொண்ணூறு வருசம் பிந்திப் போட்டன். அவ்வளவுதான்.”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். நான் பிரதியை மடித்து எடுத்துக்கொண்டேன்.  அந்த இலையுதிர் காலத்தில்தான் கலிபோர்னியாவில் நோயாளிகள் கஞ்சாவை வைத்திருக்கலாமென்று மக்கள் வாக்களித்தார்கள். அந்தச் செய்தியை நானே மொழிபெயர்த்தேன். அண்ணை ஒப்புநோக்கினார். ஒரு கமாவை மாற்றிவிட்டுத் திருப்பித் தந்தார்.

விலக்கு விண்ணப்பம் போய் ஒரு வருடத்துக்கு மேல் பதில் இல்லை. விரல் அடையாளம், பொலிஸ் சான்றிதழ், வேலையிடக் கடிதம் என்று கேட்டதெல்லாம் அனுப்பினார். அவர் நிரப்பிய படிவங்களில் ஒரு வெட்டுக்கூட இருக்கவில்லை. ஞாயிறு தோறும் அக்காவுடன் தொலைபேசியில் பேசுவார். விடுமுறை நாள்களில் பஸ் எடுத்து ஸ்காபரோவின் ஏரிக்கரைக் குன்றுக்குப் போய் நிற்பாராம். அங்கிருந்து மறுகரை தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டு ஜனவரியில் அக்கா இறந்துபோனார். மரண அறிவித்தல் எங்கள் இதழிலேயே வந்தது. அச்சுக்குப் போகும் முன் அதை அண்ணையிடம் நீட்டினேன். வாங்கிப் பார்க்காமலே, “இதை நீர் பாரும் பிள்ளை” என்றார். நான் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி வாசித்தேன். ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு நுழைய அனுமதி. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. இன்று அவருக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. மில்லிக்கனில் மகன் முறையான ஒருவரின் வீட்டில் இருக்கிறார். நாங்கள் முன்பு இதழ் நடத்திய கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அரசாங்க அனுமதியுடன் கஞ்சாக் கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, நல்ல வெளிச்சம். வேலை முடிந்து வருகிறவர்கள் பால் வாங்குவது போல் உள்ளே போய் வருகிறார்கள். நியூயோர்க் மாநிலத்திலும் இப்போது அப்படித்தானாம். ஆனால் பாலத்தில் இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதே பதிலுக்கு அதே கதவை மூடுகிறார்கள் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு அடிக்கடி நினைவு வருவது அக்கா உயிருடன் இருந்த கடைசி ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை. அதை நினைக்கும்போது நான் எந்த நாட்டில் எந்த வயதில் இருக்கிறேன் என்பதே சில கணங்கள் மறந்துவிடும்.

யோசனை மருமகளுடையது. நயாகரா நீர்வீழ்ச்சியின் அமெரிக்கப் பக்கத்துப் பூங்காவுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவருவதாகவும், மாமா கனடாப் பக்கத்துக் கம்பி வேலியருகே வந்து நிற்கட்டும் என்றும் சொன்னாள். இடையில் ஆறும் பள்ளமும்தான். நல்ல வெயில் நாளில் அந்தப் பக்கத்து மனிதர்களின் உடைநிறம் தெரியும். அக்கா மஞ்சள் குடை பிடித்திருப்பார் என்றும் பதினொரு மணிக்கு என்றும் பேச்சு. ஆசிரியர் தன் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். செங்கல் அளவில் இருந்த அதை அண்ணைக்கு இயக்கத் தெரியாததால் நானும் கூடப் போனேன். அவர் வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும் மடிப்புக் குலையாமல் அழுத்திப் போட்டிருந்தார். தொலைநோக்கி ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. வீழ்ச்சியின் சாரல் பள்ளம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, வேலியைத் தாண்டி எங்கள் முகத்தில் வந்து விழுந்தது. எதிரே ஒன்றும் இல்லை. மரம் இல்லை, கரை இல்லை, மனிதர் இல்லை. வெள்ளை மட்டும். அண்ணை தொலைநோக்கியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். பதினொன்று ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. பொத்தானை அமுக்கிக் கொடுத்தேன். அருவியின் இரைச்சலில் கேட்பதற்காக அக்கா உரத்துப் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது. நோயாளியின் குரல் என்று சொல்லவே முடியாது.

“தம்பி, வந்திட்டியோ? எங்கை நிக்கிறாய்? எனக்கொண்டும் தெரியேல்லை. என்னைத் தெரியுதோ?”

அண்ணை எதிரேயிருந்த வெள்ளையைப் பார்த்தார். அவரை நான் அறிந்த பதினேழு வருடங்களில், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“ஓம் அக்கா, நல்லாத் தெரியுது. மஞ்சள் குடை தெரியுது.”

அந்தப் பக்கம் ஒரு கணம் அருவி மட்டும் கேட்டது.

“குடையோ? அதைக் காத்து அப்பவே ஆத்துக்கை கொண்டு போட்டுதடா!”

பிறகு சிரிப்பு. அக்கா சிரிக்கத் தொடங்கி, இருமி, மறுபடி சிரித்தார். பின்னால் மருமகளும் சிரிப்பது கேட்டது. “ஒரு பொய்யைக்கூட உனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாதே” என்றார் அக்கா. அண்ணையின் முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, சாரலோ என்னவோ. அவரும் சிரித்தார், தோள் குலுங்க, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

சாரல் விலகவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். பேச்சு எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் யாரும் தொலைபேசியை வைக்கவில்லை. பற்றரி முடியப்போகிறது, அண்ணை, என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். ஒரு காதில் எங்களுக்கு முன்னால் விழுகிற தண்ணீர். மற்றக் காதில் அக்கா இருக்கும் கரையிலிருந்து கேட்கிற அதே தண்ணீர். இரண்டையும் சேர்த்துக் கேட்டபடி, வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார்.